பூதம் போட்ட கடுதாசி

அந்தத் திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு நான் ஆபீஸுக்குள் நுழைந்தபோது வாட்ச்மேன் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஐ.டி. கார்டைக் காட்டினால்கூட நிமிர்ந்து பார்க்காத மனிதர். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உள்ளே போனால், மொத்த ஃப்ளோரும் வேலை செய்யாமல் காபி குடித்துக்கொண்டிருந்தது.

"என்னப்பா, ஸ்டிரைக்கா?"

"மெயில் வரலை, போகலை. சர்வர் படுத்துக்கிச்சு. உன்னைத்தான் தேடிக்கிட்டிருக்காங்க."

"என்னையா? எதுக்கு?"

"சர்வர்ல டிஸ்க் ஃபுல். ஃபுல் பண்ணினது உன் ப்ரோக்ராமாம்."

வயிற்றில் புளியைக் கரைத்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு என் ப்ரோக்ராமில் சின்னதாக ஒரு மாற்றம் செய்து, ஓடவிட்டு, விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனவன் நான். மாற்றம் மொத்தம் ஆறே வரி. அந்த ஆறு வரி வெள்ளி ராத்திரியிலிருந்து திங்கள் காலை வரை, 62 மணி நேரம், நொடிக்கு ஒரு கடிதம் வீதம் 2 லட்சத்து 23 ஆயிரம் கடிதங்கள் அனுப்பப் பார்த்திருக்கிறது. எல்லாம் ஒரே ஆசாமிக்கு. என் மேனேஜருக்கு. ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை.

இது நடந்தது 2011-ல். இப்போது சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். ஆனால் அந்த ஆறு வரியை நான் எழுதியதற்குக் காரணமான சமாசாரம் சிரிக்கக்கூடியது இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வராத இன்டர்வியூ

அப்போது எங்கள் கம்பெனியில் புதிதாக ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். காலேஜ் காலேஜாகப் போய்ப் பரீட்சை வைத்து, தேறியவர்களுக்கு இன்டர்வியூ கடிதம். கடிதத்தை ஈ-மெயிலில் அனுப்புகிற ப்ரோக்ராம் அடியேன் எழுதியது. லிஸ்ட்டைக் கொடுத்தால் போதும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பச்சை டிக் விழும். 'அனுப்பியாச்சு' என்று அர்த்தம்.

ஒரு நாள் ரிசப்ஷனில் ஒரு பையன் காத்திருப்பதாகச் சொன்னார்கள். திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை பஸ்ஸிலேயே கசங்கிப் போயிருந்தது.

"சார், இன்டர்வியூ லெட்டர் எப்ப சார் வரும்?"

இன்டர்வியூ முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

"உங்களுக்குப் போயிருக்கே தம்பி! இதோ பாருங்க" என்று ஸ்கிரீனைத் திருப்பி பச்சை டிக்கைக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்தான்.

"இது என் அட்ரஸ் இல்ல சார். நடுவுல ஒரு எழுத்து விட்டுப்போச்சு."

அவன் ஃபாரத்தில் சரியாகத்தான் எழுதியிருந்தான். டைப் அடித்த எங்கள் ஆபீஸ் கைதான் ஒரு எழுத்தை விழுங்கிவிட்டது.

"லெட்டர் வரலேன்னதும் ஒரு ஃபோன் போட்டிருக்கலாமே?"

"நீங்க கூப்பிட வேண்டாம், நாங்களே கூப்பிடுவோம்னு காலேஜ்ல சொன்னாங்க சார். அதான்..."

எச்.ஆரிடம் போய்க் கெஞ்சினேன். ஆட்களை எடுத்தாகிவிட்டது, இனி அடுத்த வருஷம்தான் என்று கையை விரித்தார்கள். திரும்பி வந்து அவனிடம் சொன்னேன். "பரவாயில்ல சார்" என்றான். கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால் தேவலை.

அவன் போன பிறகு தேடினேன். அந்தக் கடிதம் போய்ச் சேராமல், போன நாளே திரும்பி வந்திருந்தது. எங்கே? 'இதற்குப் பதில் போடாதீர்கள்' என்று பெயர் வைத்திருந்த ஒரு பெட்டிக்கு. அதைத் திறந்து பார்க்க ஒருவரும் நியமிக்கப்படவில்லை. உள்ளே ஆயிரத்துக்கும் மேல் திரும்பி வந்த கடிதங்கள், படிக்க ஆளில்லாமல்.

பச்சை டிக் சொன்ன பொய்

ஈ-மெயில் என்றால் பட்டனைத் தட்டியதும் நேரே எதிராளியின் பெட்டியில் போய் விழுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். நானும் நினைத்தேன். ப்ரோக்ராம் எழுதிச் சம்பளம் வாங்கிக்கொண்டே நினைத்தேன்.

1971-ல் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்ற இன்ஜினீயர் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து நெட்வொர்க் வழியாக இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கடிதம் அனுப்பிக் காட்டினார். பெயருக்கும் மெஷினுக்கும் நடுவே @ என்ற குறியைப் போட்டவர் அவர்தான். 1982-ல் ஜான் போஸ்டல் என்பவர் எஸ்.எம்.டி.பி. என்ற தபால் விதிகளை எழுதினார். இன்றைக்கும் சர்வருக்கும் சர்வருக்கும் நடுவே கடிதம் போவது அடிப்படையில் அந்த விதிகளின்படிதான். இரண்டு சர்வர்கள் பேசிக்கொள்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வணக்கம், நான் இன்ன சர்வர்."

"250. சரி."

"இன்னாரிடமிருந்து ஒரு கடிதம்."

"250. சரி."

"இன்னாருக்கு."

"550. அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை."

எண்ணின் முதல் இலக்கத்தில்தான் விஷயம். 2 என்றால் ஆயிற்று. 4 என்றால் 'இப்போது முடியாது, அப்புறம் வா'. 5 என்றால் 'முடியாது, இதே மாதிரி மறுபடி வராதே'. 4 வந்தால் அனுப்புகிற சர்வர் குறைந்தது அரை மணி விட்டு விட்டு முயற்சி செய்ய வேண்டும். சுலபத்தில் கைவிடக் கூடாது, நாலைந்து நாளாவது பார்க்க வேண்டும் என்கின்றன விதிகளின் 2008-ஆம் வருடத்துப் பதிப்பு.

இதில் நான் கோட்டை விட்ட இடம் எது? என் ப்ரோக்ராம் அந்தப் பையனின் சர்வரோடு பேசவே இல்லை. எங்கள் ஆபீஸ் சர்வரோடு பேசியது. அது "250, வாங்கிக்கொண்டேன்" என்றது. உடனே நான் பச்சை டிக் போட்டேன். தெருமுனைத் தபால் பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு, "சேர்ந்தாச்சு" என்று டைரியில் எழுதுவது மாதிரி!

250 சொல்லி வாங்கிய சர்வருக்கு ஒரு பொறுப்பு உண்டு. ஒன்று, கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் சேரவில்லை என்று அனுப்பியவருக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவிக்கிற கடிதம்தான் 'மெயிலர் டீமன்' என்ற பெயரில் வருவது. டீமன் என்றால் பின்னணியில் சத்தமில்லாமல் உழைக்கிற ப்ரோக்ராம். இயற்பியலில் மாக்ஸ்வெல் கற்பனை செய்த பூதத்தை நினைத்து எம்.ஐ.டி.க்காரர்கள் 1960-களில் வைத்த பெயர். ஆக, பூதம் தன் கடமையைச் செய்துவிட்டது. கடுதாசி போட்டுவிட்டது. நாங்கள்தான் பிரிக்கவில்லை.

நீங்க கூப்பிட வேண்டாம்

இனி ஒரு பையனுக்கும் இப்படி ஆகக் கூடாது என்று தீர்மானித்தேன். தீர்மானம் நல்லதுதான். அதை நிறைவேற்றிய விதம்தான் தமாஷ்.

ஆப்ஜெக்ட் ஓரியன்டட் ப்ரோக்ராமிங் என்பது, கம்ப்யூட்டருக்குள் ஒரு ஆபீஸையே நிறுவுவது. ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டும் ஒரு குமாஸ்தா. அவருக்கென்று மேஜை, ஃபைல், தெரிந்த வேலை. தபால் குமாஸ்தாவிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருக்க முடியாதில்லையா? "ஏதாவது ஆனால் என்னை இந்த நம்பரில் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வருகிறோம். அதுதான் கால்பேக். ஜாவாவில் கடிதம் அனுப்பும் நூலகத்திலேயே இதற்கு மூன்று அழைப்புகள் உண்டு: போயிற்று, போகவில்லை, சிலருக்கு மட்டும் போயிற்று. ப்ரோக்ராமர்கள் இதற்கு 'ஹாலிவுட் கொள்கை' என்று ஒரு செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். சான்ஸ் கேட்டு வருகிறவர்களிடம் சொல்வார்களே, "நீங்க கூப்பிட வேண்டாம், நாங்களே கூப்பிடுவோம்" என்று, அது.

அந்தப் பையனிடம் சொன்ன அதே வாசகம். கூப்பிடுவோம் என்று சொன்னவர் கூப்பிட வேண்டும். கூப்பிடும்போது எடுக்க ஆள் இருக்க வேண்டும். மொத்த சமாசாரமும் இவ்வளவுதான்.

என் ஆறு வரி என்ன செய்தது? கடிதம் போகவில்லை என்று கால்பேக் வந்தால், "ஐயா, இன்னாருக்குக் கடிதம் போகவில்லை" என்று மேனேஜருக்கு உடனே ஒரு மெயில். மேனேஜருக்குப் போகிற மெயிலும் அதே குமாஸ்தா வழியாகத்தான் போகும். அதற்கும் அதே கால்பேக்.

புரிந்துவிட்டதா? மேனேஜர் பெண் கல்யாணத்துக்காக லீவில் இருந்தார். உறவினர்கள் கல்யாண போட்டோக்களை மெகாபைட் மெகாபைட்டாக அனுப்பி அவர் பெட்டியை நிரப்பியிருந்தார்கள். வெள்ளி ராத்திரி யாரோ ஒருவருக்கு ஒரு கடிதம் போகவில்லை. கால்பேக். மேனேஜருக்கு மெயில். "552, பெட்டி நிரம்பிவிட்டது." இதுவும் தோல்வி, ஆகவே கால்பேக். மேனேஜருக்கு மெயில் போகவில்லை என்று மேனேஜருக்கு மெயில். அதுவும் போகவில்லை என்று இன்னொரு மெயில்.

ஒவ்வொரு தோல்விக்கும் லாக் ஃபைலில் ஒரு முழுப் பக்கப் புலம்பல் வேறு. ஞாயிறு ராத்திரி டிஸ்க் நிரம்பியது. ஆபீஸ் தபாலும் அதே டிஸ்க்கில்தான். கதை முடிந்தது.

வேடிக்கை என்னவென்றால் இந்த ஆபத்தை ஜான் போஸ்டல் 1982-லேயே யோசித்திருக்கிறார். தோல்வியைத் தெரிவிக்கும் கடிதத்தில் அனுப்புநர் விலாசத்தைக் காலியாக விடலாம், அப்போது அது திரும்ப இடமிருக்காது என்று வழி சொல்லியிருக்கிறார். பூதம் போடுகிற கடுதாசிக்கு அனுப்புநர் கிடையாது. அது போய்ச் சேராவிட்டால் அதற்காக இன்னொரு கடுதாசி கிடையாது. பூதத்துக்குத் தெரிந்த நாகரிகம் எனக்குத் தெரியவில்லை.

மாமா சொன்னது

அன்று ராத்திரி வீட்டில் சோறு இறங்கவில்லை. என் மாமனார் ஊரிலிருந்து வந்திருந்தார். ரிடையர்ட் போஸ்ட் மாஸ்டர். கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார்.

"மாப்ளே, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைச்சுக்காதீங்க. திரும்பி வர்ற தபாலை வாங்கிக்க அங்க யாரு உக்காந்திருக்காங்க?"

"யாரும் இல்ல மாமா. வந்த உடனே அதுவே மேனேஜருக்குச் சொல்லிடும்."

"அதான் தப்பு. எங்க போஸ்ட்மேன் பட்டுவாடா ஆகாம திரும்பி வந்தா, கவர் மேல காரணத்தை எழுதுவார். கதவு பூட்டுன்னா நாளைக்கு மறுபடி எடுத்துட்டுப் போவார். அப்படி ஆளே இல்லைன்னா அனுப்பினவருக்குத் திருப்பிடுவோம். ரிஜிஸ்டர் தபால்னா நோட்டுல என்ட்ரி. அத்தோட அவர் அடுத்த தெருவுக்குப் போயிடுவார். நடுத்தெருவுல நின்னுகிட்டு ஊரைக் கூட்ட மாட்டார்."

"அனுப்பினவர் விலாசமும் இல்லேன்னா?"

"ரிட்டர்ன்டு லெட்டர் ஆபீஸ்னு ஒண்ணு இருக்கு. அங்க பிரிச்சுப் பார்த்து, உள்ள விலாசம் இருக்கான்னு தேடுவாங்க. அதுக்கு மேல போகாது. எதுக்கும் ஒரு முடிவு இருக்கணும் மாப்ளே."

கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவனுக்கு ஒரு போஸ்ட் மாஸ்டர் வைத்த டியூஷன் இது. ஃபீஸ், ஒரு டம்ளர் மோர்.

செத்தவனைக் கூப்பிடுவது

மறுநாள் என் ப்ரோக்ராமை முதலிலிருந்து படித்தேன். ஆறு வரி மட்டுமா தப்பு? எலிப்பொந்தில் கைவிட்டால் பாம்பு வந்த கதையாக, ஒவ்வொன்றாக வந்தது.

ஆப்ஜெக்ட்டுக்குப் பிறப்பு, இறப்பு இரண்டும் உண்டு. நான் என் குமாஸ்தா பிறக்கும்போதே, அதாவது கன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே, "என்னைக் கூப்பிடுங்க" என்று பதிவு செய்திருந்தேன். அழைப்பு சில சமயம் வேறொரு த்ரெட்டிலிருந்து வரும். குமாஸ்தாவுக்கு மேஜை, நாற்காலி போட்டு முடிக்கும் முன்பே ஃபோன் அடித்தால்? பாதி பிறந்த பிள்ளையிடம் கணக்குக் கேட்கிற கதை. முழுதாகப் பிறந்த பிறகு தனியாகப் பதிவு செய்வதே சரி.

இறப்பு இன்னும் மோசம். கடிதத்தைக் கொடுத்த குமாஸ்தா வேலை முடிந்து போய்விடுவார். தோல்விச் செய்தி அதற்கப்புறம் வரும். நாலு நாள் கழித்துக்கூட வரலாம். அதற்குள் ப்ரோக்ராமையே நிறுத்தி மறுபடி ஓட்டியிருப்போம். கூப்பிட்டால் அங்கே ஆள் இல்லை. சரி, ஆளை உயிரோடு பிடித்து வைப்போம் என்றால், அனுப்பிய ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு குமாஸ்தா சாகாமல் உட்கார்ந்திருப்பார். மெமரி தாங்காது.

மாமா சொன்ன நோட்டுதான் இதற்கு மருந்து. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு நம்பர். அது டேட்டாபேஸில் பதிவாகிவிடும். தோல்வி வந்தால் ஆளைத் தேட வேண்டாம், நம்பரைத் தேடினால் போதும். ஆப்ஜெக்ட் செத்தாலும் நம்பர் சாகாது. அந்த நம்பரைக் கவரின் மேல் எழுதும் அனுப்புநர் விலாசத்திலேயே பொதித்துவிடலாம் என்று டேனியல் பெர்ன்ஸ்டைன் 1997-ல் ஒரு முறை சொன்னார். திரும்பி வரும் கடிதம் எந்த விலாசத்துக்கு வந்தது என்று பார்த்தாலே எந்தக் கடிதம் என்று தெரிந்துவிடும். பூதத்தின் வியாசத்தைப் படித்து மூளையைக் கசக்க வேண்டாம்.

நோட்டுப் போட்ட பின்

கடைசியில் நான் எழுதியது இதுதான். உங்கள் ஆபீஸிலும் யாராவது இந்த வேலை செய்தால் கிழித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கால்பேக்குக்கு ஒரே வேலை. நம்பரையும் காரணத்தையும் நோட்டில் எழுதிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அதற்குள்ளிருந்து மெயில் அனுப்பக் கூடாது. பெரிய கணக்கெல்லாம் போடக் கூடாது. கூப்பிட்டவர் காத்துக்கொண்டிருக்கிறார்.

கால்பேக்குக்குள் தப்பு நடந்தால் அது வெளியே வெடித்து மற்ற கடிதங்களை நிறுத்தக் கூடாது. அதற்காக அடியோடு விழுங்கவும் கூடாது. காலியான கேட்ச், அதாவது தப்பைப் பிடித்து சத்தமில்லாமல் தூர எறிவது, அந்தப் படிக்கப்படாத பெட்டியின் தம்பி.

ஒரே தோல்வி இரண்டு தடவை வரும். இன்றைக்குக் கடிதம் அனுப்பித் தருகிற பெரிய சேவைகளும் சில சமயம் ஒரே செய்தியை இரண்டு முறை தட்டும். இரண்டாவது தடவை வந்தால், "தெரியும், எழுதியாச்சு" என்று விட்டுவிட வேண்டும்.

4-க்கும் 5-க்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். கதவு பூட்டியிருந்ததற்காக ஒருவர் பெயரை அடித்துவிடக் கூடாது. ஆளே இல்லாத விலாசத்துக்கு மாதக்கணக்கில் அனுப்பிக்கொண்டும் இருக்கக் கூடாது. அப்படி அனுப்புகிறவர்களை மற்ற சர்வர்கள் சந்தேகக் கண்ணோடு பார்க்கும்.

பூதத்தின் பெயரில் யார் வேண்டுமானாலும் கடுதாசி போடலாம். அதனால் நம்பரோடு ஒரு ரகசிய முத்திரையும் சேர்த்தேன். முத்திரை சரியில்லாத தோல்விச் செய்திக்குக் குப்பைத் தொட்டி. உள்ளே இருக்கும் வாசகம் அந்நியன் எழுதியது. அதை அப்படியே டேட்டாபேஸ் கட்டளையிலோ வெப் பக்கத்திலோ ஒட்டினால் திருடனுக்குச் சாவி கொடுத்த மாதிரி.

கடைசியாக ஒன்று. தினம் காலை ஒன்பது மணிக்கு வேறொரு ப்ரோக்ராம் அந்த நோட்டைப் படித்து ஒரே ஒரு பட்டியல் தயார் செய்யும். அது மெயிலில் போகாது. பிரிண்டரில் அடித்து ஒரு மனுஷர் மேஜையில் வைக்கப்படும். அவர் ஃபோனை எடுத்துக் கூப்பிட வேண்டும். பச்சை டிக்கையும் எடுத்துவிட்டேன். 'கொடுத்தாச்சு', 'திரும்பி வந்தது' என்று இரண்டே வார்த்தை. 'சேர்ந்தது' என்ற வார்த்தை என் ப்ரோக்ராமில் கிடையாது.

மேனேஜர் கல்யாணம் முடிந்து வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "2 லட்சம் மொய் எழுதினது நீ ஒருத்தன்தான்யா" என்றார்.

அடுத்த வருஷம் இன்டர்வியூ சீசனில், முதல் நாள் பட்டியலில் மூன்று பெயர் வந்தது. மூன்று பேரையும் ஃபோனில் பிடித்தோம். மூன்று பேரும் இன்டர்வியூவுக்கு வந்தார்கள். இரண்டு பேருக்கு வேலை கிடைத்தது. அப்படி ஒரு பட்டியல் இருந்தது அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

திருவாரூர்ப் பையனுக்கு நானே ஃபோன் செய்தேன். அவன் ஃபாரத்தில் இருந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. சரியான விலாசத்துக்கு ஈ-மெயில் போட்டேன். 'கொடுத்தாச்சு' என்றது. திரும்பி வரவில்லை. பதிலும் வரவில்லை.

புது ப்ரோக்ராமைச் சோதிக்க, வேண்டுமென்றே தோற்கிற ஒரு விலாசம் வேண்டும். இதற்கென்றே '.இன்வாலிட்' என்று ஒரு கடைசிப் பெயரை 1999-ல் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதை யாரும் வாங்க முடியாது. அதனால் அங்கே எந்தக் கடிதமும் போய்ச் சேராது. அதற்கு முன்னால் போட ஒரு பெயர் தேவைப்பட்டது. அந்தப் பையன் பெயரைப் போட்டேன், நடுவில் ஒரு எழுத்தை விட்டுவிட்டு.

கம்பெனி மாறிவிட்டேன். ஜாவா போய் வேறு மொழிகள் வந்துவிட்டன. எங்கே எந்த ப்ரோக்ராம் எழுதினாலும் முதல் சோதனை அந்த விலாசத்துக்குத்தான். கடிதம் போகும், திரும்பி வரும். திரும்பி வந்தது என்று நோட்டில் விழுந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறேன். வெள்ளிக்கிழமைகளில் இரண்டு தடவை பார்க்கிறேன்.